இருட்டுக் கேட்டவர்

கொள்ளுப்பிட்டியில் நாலாம் மாடி.
ஏசி எப்போதும் பதினெட்டில்.
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
வடதுருவத்துக்குக் கிட்ட ஒரு பாறையில் நிற்கிற
வெளிச்ச வீடு ஒன்றை
நான் நடத்துகிறேன்.

சாவி எங்கே என்று தெரியும்:
வாசலில், மீன் வாளிக்குக் கீழே.
விறகு எங்கே, நெருப்புப்பெட்டி எங்கே,
எத்தனையாவது படி உளுத்தது,
கக்கூஸ் கதவுக்கு எந்தக் கல்லை முட்டுக்கொடுப்பது,
எல்லாம் தெரியும்.
போனதில்லை.
விடுமுறைக்கு ஓர் இரவு அங்கே தங்குகிற காசு
எனக்கு நாலு மாதச் சம்பளம்.

போனில் என் பெயர் நீனா.
கௌசல்யாதேவி என்று சொல்லி முடிப்பதற்குள்
அரை நிமிடம் வீண் என்றார் மேற்பார்வையாளர்.
எங்கிருந்து கதைக்கிறீர்கள் என்று கேட்டால்
"கடலுக்குப் பக்கத்தில்" என்று சொல்லவேண்டும்.
அது பொய்யுமில்லை.
யன்னலுக்கு வெளியே மறீன் டிரைவ், தண்டவாளம், கல்லணை, கடல்.
யன்னலைத் திறக்க அனுமதி இல்லை.

எனக்கு நாலரை. அங்கே ஒரு மணி.
எய்னார் என்று ஒருவர். இரண்டு பேருக்குப் பதிவு.
படகுக்காரன் குறிப்பு எழுதியிருந்தான்: ஒருவர் இறங்கினார்.
மற்றவர் யார் என்று படிவத்தில் கேள்வி இல்லை.
நானும் கேட்கவில்லை.

"இந்தச் சூரியனை எங்கே நூர்ப்பது?" என்றார்.
பகிடி இல்லை. குரல் காய்ந்திருந்தது.
பக்கம் பதினொன்று: கறுப்புத் திரை, மேசை லாச்சியில்.
லாச்சியில் இல்லை என்றார்.
பக்கம் பன்னிரண்டு: கடற்பறவைகளுக்கு உணவு போடவேண்டாம்.

அத்தோடு கையேடு முடிந்தது.
பிறகு பேசியது நான்.

"சமையல் அலுமாரியில் ஈயத்தாள் இருக்கும்.
முதலில் கண்ணாடியை ஈரத்துணியால் துடையுங்கள்,
தாள் தானாக ஒட்டும்.
ஓரத்தில் வருகிற கீற்றுத்தான் கெட்டது,
அதற்குத் துவாயைச் சுருட்டி அடையுங்கள்.
கண்ணுக்கு ஒரு காலுறை."
"காலுறையா?"
"தோய்த்தது."

போனை வைக்காமலே போனார்.
தாள் கிழிகிற சத்தம். படிகள்.
எட்டாவதில் ஒரு சின்ன நிதானம்.
தாண்டிவிட்டார்.

"உங்களுக்கு எப்படி இதெல்லாம்?"
காலை எட்டுக்குப் படுத்து
பின்னேரம் மூன்றுக்கு எழும்புகிற உடம்பைப் பற்றி
நீனாவிடம் ஒரு வசனமும் இல்லை.
"எனக்கும் பகலில்தான் நித்திரை."
வாயை மூடிக்கொண்டேன். சொல்லியாயிற்று.

அந்த நேரம் பார்த்துப் பாணந்துறைப் பக்கமிருந்து முதல் ரயில்.
மேசையில் பிளேன்ரீக் கோப்பை கிணுகிணுத்தது.
"அது என்ன?"
அந்தப் பாறையிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்குத்
தண்டவாளமே கிடையாது,
எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.
"ரயில்" என்றேன்.

கனநேரம் ஒன்றும் இல்லை.
"அங்கே இருட்டா?"
"ஓம்" என்றேன், தமிழில். "நல்ல இருட்டு."
"கொஞ்சம் யன்னலைத் திறக்க முடியுமா?"

கொக்கி துருப்பிடித்திருந்தது. உள்ளங்கையால் அடித்தேன்.
உப்புக்காற்று ஸ்வெட்டருக்குள் புகுந்தது.
கல்லில் யாரோ தூண்டில் போட்டபடி இருமினார்கள்,
தூரத்தில் ஒரு வள்ளத்து விளக்கு,
ஒரு நாய்.
ஒலிவாங்கியைக் கழற்றி வெளியே நீட்டிப் பிடித்தேன்.
அவருக்கு என்ன கேட்டதோ.
நாற்பத்தொரு நிமிடத்தில்
மூச்சு மட்டும் வந்தது.

படிவம்.
முறைப்பாடு: வெளிச்சம்.
தீர்வு: ஈயத்தாள்.
தங்கியவர்கள்: இரண்டு.
ஒன்று என்று திருத்தப் போய், விட்டுவிட்டேன்.

கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ கோட்டைக்குள்ளால் போனது.
பழைய மணிக்கூட்டுக் கோபுரம்.
அதுவும் ஒருகாலம் வெளிச்ச வீடுதான்;
சுற்றிவரக் கட்டடங்கள் வளர்ந்து மறைத்ததும்
கடலுக்குக் கிட்ட வேறொன்று கட்டினார்கள்.
இது இப்போது நேரம் மட்டும் காட்டும்.
ஆறு ஐம்பது.
பழக்கத்தில் மூன்றரையைக் கழித்தேன்.
படகு வர இன்னும் நேரம் இருக்கிறது.
காலுறை நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும்,
ஈரமென்றால் நித்திரை வராது.
அதைச் சொல்ல மறந்துபோனேன்.